தொவேரா பெயர்த்துச் சொன்ன பிரசங்கம்

எங்கள் வுங்குலா ஊரில் அந்தக் காலத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் போதகர். அவருக்கு ஐந்து சபைகள் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்குக் கிடைப்பார். இன்னொருவர் பள்ளித் தலைமையாசிரியர். விடுமுறை விட்ட அன்றைக்கே வடக்கே இருக்கும் தன் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். மூன்றாவது ஆள் தொவேரா. ஸ்காட்லாந்திலிருந்து ஊழியத்துக்கு வருகிறவர்கள் ஜூலை விடுமுறையில்தான் வருவார்கள். அதனால் அவர்கள் சொன்னதெல்லாம் தொவேராவின் வாய் வழியாகத்தான் எங்கள் காதுக்கு வந்தது.

எனக்கும் அரைகுறையாகப் புரியும். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். ஆனால் அதை வெளியில் காட்டிக்கொண்டதில்லை. காட்டிக்கொண்டால் பெயர்த்துச் சொல்லக் கூப்பிடுவார்கள், சபை முன்னால் நிற்க எனக்குப் பயம்.

தொவேரா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சுஸ்காம்போ மர உயரம் என்று பையன்கள் கேலி செய்வார்கள், அவ்வளவு உயரம். குரல் கரகரப்பானது. பாடகர் குழுவில் ஆண்களோடு சேர்ந்து கீழ்க்குரலில் பாடுவாள். மிஷன் பெண்கள் பள்ளியில் விடுதியில் தங்கி இரண்டு வருஷம் படித்தவள். அம்மாவுக்குப் பார்வை போனதும் படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தங்கை வெசியை வளர்த்தது அவள்தான் என்று சொல்லலாம். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவன் சங்வானி ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் சோளக்காடும் கடலைக்காடும் தொவேரா கைப்பாடுதான்.

அந்த ஜூலை மாதங்களை இப்போது நினைத்தாலும் மூக்கில் செங்கல் சூளைப் புகை அடிக்கிறது. எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம். காலையில் நியிகா மலைப்பக்கத்திலிருந்து காற்று வெட்டிக்கொண்டு வரும். நாங்கள் பெண்கள் ஆளுக்கொரு போர்வையை இடுப்புத்துணிக்கு மேல் சுற்றிக்கொண்டு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து போவோம். பள்ளிக்கூடம் கட்டத் தண்ணீர், ஊழியக்காரர்கள் குளிக்கத் தண்ணீர், களி கிண்டத் தண்ணீர். வேலை முதுகை ஒடிக்கும். ஆனாலும் அந்த மூன்று வாரத்துக்காக வருஷம் முழுவதும் காத்திருப்போம். தொவேரா பேச ஆரம்பித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

ஊழியக்காரர்களின் தலைவர் ஒரு பெரிய உடம்புக்காரர். முதல் நாள் எங்கள் களியையும் பூசணிக்கீரையையும் வாயில் வைத்துவிட்டு, இது ஒரு புதுமாதிரியான உணவு என்று மெதுவாகச் சொன்னார். தொவேரா சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இது மாதிரி அவர் பொறந்ததுல இருந்து சாப்பிட்டதே இல்லையாம். இன்னும் வைக்கச் சொல்றாரு."

அவருக்கு இன்னொரு குன்று களி வந்தது. பாவம், சாப்பிட்டார்.

அவர்கள் எழுப்பிய சுவர் பாம்பு போன மாதிரி இருந்தது. எங்கள் கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு, "இதுங்களைப் போகச் சொல்லு தாயே. அந்திக்குள்ள இடிச்சுட்டு நாங்களே கட்டிடறோம்" என்றார். தொவேரா அவர்களிடம் போய், உங்கள் உழைப்பைக் கண்டு கொத்தனார் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டார், இன்று சீக்கிரமாக ஓய்வெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறார் என்றாள். அவர்கள் போனதும் சுவர் இறங்கியது. மறுநாள் காலையில் நேராக நின்ற சுவரைப் பார்த்து அவர்களுக்கே தங்கள் வேலையில் பெருமை.

இப்படியாக அவள் பெயர்த்துச் சொல்வதில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளி சேரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்பத்தெட்டாம் வருஷத்து ஜூலையில் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்தது விளையாட்டல்ல.

அதற்கு முன் வெசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இறந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. தலைப்பிரசவம். விடியற்காலையில் வலி எடுத்து, மதியம் வரை குழந்தை இறங்கவில்லை. ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். எங்கள் ஊரில் நல்ல மாட்டுவண்டி வைத்திருந்தவர் ஜைரோஸ் ம்ஹாங்கோ. சபையில் மூப்பர், முன் பெஞ்சுக்காரர். தொவேரா ஓடிப்போய் அவர் வாசலில் நின்றாள். நானும் கூட இருந்தேன். அவர் வெளியே வந்து, புகையிலைச் சிப்பம் ஏற்றப் போகிறேன், ஏல மண்டிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம், அதற்குள் பெற்றுவிடுவாள் என்றார். கெஞ்சினோம். உள்ளே போய்விட்டார். வெசியைப் பாயில் படுக்க வைத்து, இரண்டு மூங்கிலில் கட்டி, ஆறு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆற்றைக் கடக்கும்போது உயிர் போய்விட்டது. குழந்தையும் தங்கவில்லை.

தொவேரா அதற்குப் பிறகு ஜைரோஸை எதிரில் கண்டால் முறைப்படி முழங்காலை மடித்து வணக்கம் சொல்வாள். அவரும் பதில் சொல்வார். மூப்பரை ஒரு பெண் எதிர்த்துப் பேசுவது என்பது எங்கள் ஊரில் அன்று கிடையாது.

அந்த ஞாயிறு பேச வேண்டியவள் எல்ஸ்பெத். இருபத்து நான்கு வயது. வந்தவர்களிலேயே சின்னவள், கூச்சக்காரி. பேச எழுந்ததும் காது இரண்டும் தக்காளி மாதிரி சிவந்தது. கையில் ஒரு தாள். நல்ல சமாரியன் கதையைத்தான் சொன்னாள். வழியில் அடிபட்டுக் கிடந்தவன், பார்த்தும் பாராமல் போன இரண்டு பேர், பிறகு வந்த அந்நியன். தொவேரா பக்கத்தில் நின்று வரிக்கு வரி ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் தன் சொந்த மிருகத்தின் மேல் அவனை ஏற்றினான் என்று எல்ஸ்பெத் சொன்னாள்.

தொவேரா முன் பெஞ்சைப் பார்த்தாள். சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். பிறகு அவள் ஆரம்பித்தாள்.

"தன் சொந்த மிருகத்து மேல அவனை ஏத்தினான். இந்தப் பொண்ணு கேக்குது, அந்த மனுஷனுக்கு அன்னைக்கு வேற வேலையே இல்லையான்னு. இருந்திருக்கும். வழிப்போக்கன் கையை வீசிக்கிட்டா வருவான்? மிருகத்து மேல மூட்டை இருந்திருக்கும். மூட்டையை இறக்கி ரோட்டோரத்துல வச்சுட்டுத்தான் ஆளை ஏத்தியிருப்பான். நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லல. முதல்ல புகையிலை போய்ச் சேரட்டும்னு சொல்லல."

எல்ஸ்பெத் அவளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், அடுத்த வரியைப் படித்தாள். இவர்களில் யார் அவனுக்கு அயலானாக இருந்தான் என்பதுதான் அது. தொவேரா தொடர்ந்தாள்.

"இந்த ஊர்ல வண்டி இருக்கிற வீடு எத்தனைன்னு இந்தப் பொண்ணு எண்ணிப் பாத்துச்சாம். நாலு. சைக்கிள் பதினொண்ணு. அதுல ஒண்ணுக்குப் புது டயர். வலி வந்த பொம்பள வாசல்ல வந்து நின்னா, எதுக்கு, யாருக்குன்னு கேக்கக் கூடாது. அவ வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி மாட்டு மேல நுகத்தடி ஏறியிருக்கணும். அவளை நிக்க வச்சுப் பேசுறவன் இந்தக் கோவில்ல முன் பெஞ்சுல உக்காரக் கூடாது. இதை நான் சொல்லல. எல்ஸ்பெத் சொல்லுது. சமுத்திரம் தாண்டி வந்து சொல்லுது."

ஜைரோஸ் மடியில் வைத்திருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்ஸ்பெத் தொவேராவிடம், உங்கள் மொழி இவ்வளவு நீளமானதா என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஆமாம், ரொம்ப நீளம் என்றாள் தொவேரா.

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு சைக்கிளை எப்ப எண்ணிச்சு?"

அவள் நின்றுவிட்டாள். "உனக்கு எவ்வளவுடி புரிஞ்சுது?"

"டயர் வரைக்கும்."

"யார்கிட்டயாவது மூச்சு விட்ட, மாலிட்டா…"

"நான் எதுக்கு விடப்போறேன்?"

அவள் கையைப் பிடித்தேன். வீடு வரை விடவில்லை.

அந்த வாரமே மூப்பர்கள் கூட்டம் நடந்தது. வண்டி உள்ளவர்கள் எல்லாரும் பிரசவத்துக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் வேறு யாருமில்லை, ஜைரோஸ்தான். எங்களால் நம்ப முடியவில்லை. அதற்கு 'எல்ஸ்பெத்தின் வார்த்தை' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த வருஷம் அக்டோபரில் முதல் வண்டி எனக்காகத்தான் பூட்டினார்கள். ஜைரோஸே ஓட்டினார். பதினெட்டு மைலும் மாடுகளிடம் தவிர யாரிடமும் பேசவில்லை. என் மகள் தவோங்கா ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அதன் பிறகு எத்தனையோ பெண்கள் போய் வந்தார்கள். பெண் குழந்தை பிறந்தால் சிலர் எல்ஸ்பெத் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வாயில் அது எலுசுபெத்தி ஆனது. ஒரு சமயம் ஊரில் ஆறு எலுசுபெத்திகள் இருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

காலம் போனது. சங்வானி சுரங்கத்திலிருந்து நெஞ்சு நிறைய இருமலோடு திரும்பி வந்து, ஒரு வருஷம் வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு இறந்தான். தொவேரா அவனுக்குக் கஞ்சி ஊட்டிய கையோடு காட்டு வேலையையும் பார்த்தாள். ஊரில் சின்ன மருத்துவ நிலையம் வந்தது, ஒரு நர்சம்மா வந்தாள். மலையூர்களிலிருந்து வரும் கர்ப்பிணிகள் கடைசி மாதத்தில் தங்குவதற்காகச் சபை அதன் பக்கத்திலேயே எட்டுக் கட்டில் போட்ட ஒரு காத்திருப்பு வீடு கட்டியது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தொவேராவிடம் வந்தது. ஊழியக்காரர்கள் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. எல்ஸ்பெத்திடமிருந்து மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும். தொவேரா அதைச் சுவரில் ஒட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில், கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நாள் கையில் கடிதத்தோடு காட்டுக்கே வந்துவிட்டாள். வரப்பில் உட்கார்ந்தாள்.

"எல்ஸ்பெத் வருதாம்டி."

"நல்லதுதானே அக்கா."

"அவ அம்மா செத்துட்டாங்களாம். இத்தனை வருஷமா அவங்களைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. இப்ப ஒண்டியாயிட்டா. நாலு மாசம் நம்ம காத்திருப்பு வீட்டுல ஊழியம் பண்ண வர்றாளாம். பெருக்கவோ, துவைக்கவோ, என்ன சொன்னாலும் செய்வாளாம்."

"அதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்க?"

கடிதத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அது எங்கள் தும்புகா மொழியில் எழுதியிருந்தது. தப்பில்லாமல்.

"பேசக் கத்துக்கிட்டாளாம். நான் முசூசு டவுன்ல மக வீட்டுக்குப் போயிடறேன். அவ போனதுக்கப்புறம் வர்றேன்."

"நீ போனா ஊரே ஏன்னு கேக்கும். இருந்தா அவ ஒருத்திதான் கேப்பா."

தொவேரா ஒரு கடலைச் செடியை எடுத்து வேரிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு எழுந்து போய்விட்டாள். ஆனால் முசூசுக்குப் போகவில்லை.

எல்ஸ்பெத் ஒரு லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். தலை நரைத்துவிட்டது, உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது, காது மட்டும் அதேபோல் சிவந்தது. நாங்கள் பெண்கள் குலவை போட்டோம். அவள் நேராகத் தொவேராவிடம் போய்க் கைகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் மொழியில் சொன்னாள்.

"தொவேராவே, உன் முகத்தைக் கண்டபடியினால் என் ஆத்துமா களிகூருகிறது."

கூட்டம் சிரிப்பில் மடங்கிவிட்டது. அவள் ஊரில் படித்துக்கொண்டிருந்த எங்கள் நாட்டு மாணவன் ஒருவனின் மனைவி உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தாளாம். மற்றதெல்லாம் வேதப்புத்தகத்திலிருந்து கற்றதாம். அதனால் வாயைத் திறந்தாலே தீர்க்கதரிசிதான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட, "ஸ்திரீயே, உன் குடத்தைச் சாய்த்து எனக்குக் குடிக்கத் தருவாயாக" என்பாள். பிள்ளைகள் ஒரு மாதம் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொவேரா மட்டும் அவளோடு ஆங்கிலத்திலேயே பேசினாள். அவள் எங்கள் மொழியில் கேட்பாள், இவள் அவள் மொழியில் பதில் சொல்வாள். விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வரவேற்பு ஆராதனை. நான் தொவேரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்ஸ்பெத் எங்களுக்கு முன்னால் நாற்காலியில். ஊர்த்தலைவர் பேசினார். ஆறு எலுசுபெத்திகளையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். அதில் இரண்டு பேர் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். பாடகர் குழு அந்த வார்த்தையையே பாட்டாகப் பாடியது. நுகத்தடி, மூட்டை, முன் பெஞ்சு எல்லாம் அதில் வந்தது. எல்ஸ்பெத் முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். பிறகு கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு திரும்பி மெல்லிய குரலில் தொவேராவிடம் ஆங்கிலத்தில், நான் என்ன சொன்னேன் என்று இவர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

தொவேரா தரையைப் பார்த்தாள்.

எல்ஸ்பெத்தைப் பேச அழைத்தார்கள். பழக்கதோஷத்தில் யாரோ, "தொவேரா, போ, கூட நில்லு" என்றார்கள். எல்ஸ்பெத் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டுத் தனியாக எழுந்து நின்றாள்.

"சகோதரரே, சகோதரிகளே. நான் அந்நாளில் சொன்ன கதை சிறியது. வண்டியைக் குறித்து நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு எத்தனை வண்டிகள் உண்டென்று நான் அறியேன். புகையிலையையும் அறியேன். இந்த நல்ல வார்த்தைகள் என்னுடையவைகள் அல்ல. பிறனுடையதை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். இவைகள் தொவேராவினுடையவைகள்."

அவள் அதை ஒரு பரிசாகத்தான் கொடுத்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் என் பக்கத்தில் தொவேராவின் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. அவள் கை என் முழங்காலை அழுத்தியது.

முன் பெஞ்சிலிருந்து ஜைரோஸ் எழுந்தார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. கோலை ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"உக்காரு தாயே. அது எங்களுக்குத் தெரியும்."

கோவிலில் பெருமூச்சு போல ஒரு சத்தம் ஓடியது.

"வந்து மூணு வாரம் ஆன பிள்ளைக்கு என் சைக்கிள் டயர் புதுசுன்னு எப்படித் தெரியும்? நான் அதைக் கோணிக்குள்ள சுத்தி வீட்டுக்குள்ள வச்சிருந்தேன்."

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். பெண்கள் பக்கமும் சிரித்தது. அவர் காத்திருந்தார்.

"அன்னைக்கே தெரியும். ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். தொவேரா தன் வாயால சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அவ புருஷன் வீட்டு ஆளுங்களைக் கூப்பிட்டு, உங்க மருமக மூப்பரை எதுத்துப் பேசுறா, அடக்கி வைங்கன்னு சொல்லியிருப்பேன். விருந்தாளி வாயில வந்ததாலதான் என்னால தலையைக் குனிய முடிஞ்சுது. அதுக்கு அவ வழி பண்ணிக் கொடுத்தா."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. வெசி செத்த அன்னைக்கு…" அந்தப் பெயரை அவர் வாயில் நாங்கள் அதுவரை கேட்டதில்லை. "அன்னைக்கு என் வண்டி சும்மாதான் நின்னுச்சு. புகையிலை ஏத்துறது வெள்ளிக்கிழமை. அன்னைக்குச் செவ்வாய். மாட்டை அவ்வளவு தூரம் ஓட்ட மனசு வரல. அதனால அப்படிச் சொன்னேன்."

தொவேரா எழுந்தாள். நடுவழியாக, யாரையும் பார்க்காமல், நிமிர்ந்து நடந்து வெளியே போனாள்.

நான் பின்னாலேயே போனேன். கோவிலுக்குப் பின்புறம் மிச்சச் செங்கல் அடுக்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம்.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அட்டை வரும்போதெல்லாம் பயந்து பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சேன்டி. இருபத்தேழு வருஷம். எல்லாருக்கும் தெரியுமாம். தெரிஞ்சுக்கிட்டே என்னை ஒளிய விட்டு வேடிக்கை பாத்திருக்காங்க."

"வேடிக்கை பாக்கலக்கா."

"வண்டி சும்மா நின்னுச்சாம்." மறுபடியும் சொன்னாள், மெதுவாக. "சும்மா நின்னுச்சாம், மாலிட்டா. புகையிலையைத்தான் நான் இத்தனை நாளா திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எல்ஸ்பெத் வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"நான் உனக்கு விரோதமாய்த் தவறு செய்தேனோ?"

தொவேரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக எங்கள் மொழியில் அவளோடு பேசினாள்.

"உக்காரு. தப்புப் பண்ணல. ஆனா இனிமே என்னைப் பத்திப் பேசுறதுன்னா என்கிட்டக் கேட்டுட்டுப் பேசு. அப்புறம், தவறு செய்தேனோன்னு கேக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டியான்னு கேக்கணும். எங்க, சொல்லு."

"கோ… கோவிச்சுக்கிட்டியா?"

"ஆமா. கோவிச்சுக்கிட்டேன்."

மூன்று பேரும் ஆராதனை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்த நான்கு மாதத்தில் எல்ஸ்பெத்தைத் தொவேரா விருந்தாளியாக நடத்தவில்லை. காலையில் எட்டுக் கர்ப்பிணிகளுக்குக் கஞ்சி காய்ச்ச விட்டாள், கட்டிதட்டிப் போனால் திட்டினாள். குடத்தைத் தலையில் வைக்கப் பழக்கினாள். பாதித் தண்ணீர் வழியிலேயே போகும், எல்ஸ்பெத் நனைந்த கோழி மாதிரி வந்து நிற்பாள். மலையூர்ப் பெண்கள் வலியில் கத்தும்போது முதுகைத் தேய்த்துவிட அவளுக்கு நன்றாக வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட கை. பேச்சிலும் வேதம் குறைந்து எங்கள் வம்பு ஏறியது. போகிற சமயத்தில் சந்தையில் மீன்காரியிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஜைரோஸோடு மட்டும் தொவேரா பேசவில்லை. முழங்காலை மடித்து வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அவர் மறு வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு காத்திருப்பு வீட்டுக்கு வருவார். பேரன்கள் இருக்க, அவரே ஓட்டி வருவார். இறக்கி அடுக்கிவிட்டு, அடுப்பைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஒன்பது வெள்ளிக்கிழமை இப்படிப் போனது.

பத்தாவது வெள்ளிக்கிழமை நான் அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தொவேரா அடுப்பில் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து எழுந்தாள். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்படி ஈர விறகாக் கொண்டுவந்து போட்டா எவ ஊதுறது?"

அவர் கையில் விறகோடு அப்படியே நின்றார். "மரம் போன வாரம்தான் விழுந்துச்சு."

"அதுக்கு? காய வச்சுக் கொண்டு வரத் தெரியாதா? இத்தனை வயசாச்சு."

"காய வச்சுக் கொண்டு வர்றேன் தாயே."

அவள் உள்ளே போய் ஒரு கோப்பை கஞ்சி எடுத்துவந்து, வாசல் கல்லில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவர் உட்கார்ந்து குடித்தார். மெதுவாகத்தான் குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் மூப்பர் ஒருவர் கோப்பை கழுவியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மன்னிப்பு என்ற வார்த்தை அவர்களுக்குள் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் தொவேரா எனக்குச் சொல்லியிருப்பாள்.

நவம்பரில் முதல் மழைக்கு முன்னால் எல்ஸ்பெத் கிளம்பினாள். இடிமின்னலோடு மேகம் திரண்டு நிற்க, லாரிக்காரன் அவசரப்படுத்த, தொவேரா அவளுக்கு ஒரு பை நிறைய வறுத்த கடலை கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வருஷம் சபையில் மூப்பர் தேர்தல் வந்தபோது தொவேராவின் பெயரைச் சொன்னவர் ஜைரோஸ். அவள் மறுத்தாள். மறு வருஷமும் மறுத்தாள். மூன்றாம் வருஷம் நாங்கள் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம். ஒத்துக்கொண்டாள். முதல் தடவை தன் சொந்தப் பேச்சாகப் பேச அவள் எழுந்தபோது கோவிலில் நிற்க இடமில்லை. காத்திருப்பு வீட்டுக் கழிவறைக்குக் கதவு இல்லை, கர்ப்பிணிகள் துணியைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கதவு வேண்டும் என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் ஜைரோஸ் கேட்டார்.

"வெள்ளைக்காரப் பிள்ளை வாயில பேசுனப்ப ஒண்ணு கேட்டா பத்து வந்துச்சு. இன்னைக்கு என்ன இவ்வளவுதானா?"

"அன்னைக்கு ஒரு நாள்தானே கிடைச்சுது. இப்ப வாராவாரம் பேசலாம். என்ன அவசரம்?"

கதவு அந்த வாரமே வந்தது. ஜைரோஸ் அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அறுவடை முடிந்த நாட்களில், தூக்கத்தில் இறந்தார். தொவேரா அடக்கத்தில் ஜெபம் செய்தாள்.

இப்போது எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. பிரசவத்துக்குப் போன் போட்டால் வேன் வருகிறது. மாட்டுவண்டி தேவைப்படுவதில்லை, அது நல்லதுதான். ஆனால் ஜூலை மாதம் காற்று வெட்ட ஆரம்பித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆற்றங்கரையில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். அங்கே என்னோடு தண்ணீர் சுமந்த பெண்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அவ்வளவு குளிரில், அவ்வளவு சுமையோடு, அப்படிச் சிரித்தோமா என்று இருக்கும்.

தொவேரா முசூசில் மகளோடு இருக்கிறாள். அம்மாவுக்கு வந்தது போல அவளுக்கும் கண் மங்கிவிட்டது. போன மாதம் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு போய்ப் பார்த்தேன். முற்றத்து வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைத் தடவிப் பார்த்து, "கிழவியாயிட்டியேடி" என்றாள். பிறகு ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். ஆற்றுப் பக்கத்து முதல் வீட்டிலிருந்து வரிசையாக. யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் பேத்திக்குப் பிள்ளை, யார் காட்டில் சோளம் எப்படி, யார் யாரோடு பேசுவதில்லை. ஒரு வீட்டை நான் தாண்டிப் போனால் பிடித்துக்கொண்டாள். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படி வரை வந்தாள்.

"அடுத்த தடவை ரெண்டு நாள் தங்குற மாதிரி வாடி. பாதி ஊர்தான் கேட்டிருக்கேன்."